பார் இல்லாத சைக்கிளின் விலை

பழைய சைக்கிள் சந்தையில் ஒரு விந்தை உண்டு. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் ஒரே ராலே தொழிற்சாலையில், ஒரே ஆண்டில் செய்த இரண்டு சைக்கிள்களை அருகருகே நிறுத்தினால், பார் வைத்த வண்டிக்குச் சேகரிப்பாளர்கள் போட்டி போடுவார்கள். பார் இல்லாத லேடீஸ் சைக்கிள் பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விலைக்கே போகும். ரிம், செயின், பெடல், பிரேக் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். போதாததற்கு, லேடீஸ் வண்டியில் செயினை முழுதாக மூடும் கவரும், சேலையோ பாவாடையோ சிக்காதபடி பின்சக்கரத்தை மறைக்கும் வலையும் கூடுதலாக இருக்கும். அப்படியிருந்தும் விலை இறங்குகிறது என்றால் காரணத்தை இரும்பில் தேடிப் பயனில்லை, வரலாற்றில்தான் தேட வேண்டும். அந்த மலிவு, வண்டியின் தரத்தால் வந்ததல்ல, அதன்மேல் ஒட்டிய பெயரால் வந்தது என்பதே என் வாதம். குறைந்த செலவில் பழைய வண்டி ஒன்றை வாங்கி, ஓவராயில் செய்து ஓட்ட நினைப்பவருக்கு இந்த வரலாறு நேரடியாகப் பயன்படும்.

ஜான் கெம்ப் ஸ்டார்லி கவென்ட்ரி நகரில் 1885-இல் கொண்டுவந்த ரோவர் சைக்கிள்தான் இன்றைய சைக்கிளின் அடிப்படை: கிட்டத்தட்ட ஒரே அளவில் இரு சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். 1888-இல் டன்லப்பின் காற்றடைத்த டயரும் வந்த பிறகு, அதுவரை இருந்த பெரிய முன்சக்கர வண்டியில் ஏற அஞ்சியவர்களும் சைக்கிள் ஓட்டலாம் என்றானது. தரையைத் தொடும் பாவாடை அணிந்த பெண்கள்தான் ஏற முடியாமல் நின்றார்கள். பாவாடையை மாற்றுவதா, வண்டியை மாற்றுவதா என்ற கேள்விக்குத் தயாரிப்பாளர்கள் வண்டியை மாற்றியே விடை சொன்னார்கள். 1880-களின் இறுதிக்குள் பார் எனும் மேல் குழாயைக் கீழே இறக்கிய வண்டிகள் கடைக்கு வந்துவிட்டன. உடையை மாற்ற முயன்றவர்களுக்குக் கிடைத்தது வேறு. உடைச் சீர்திருத்தம் பேசிய ஹார்பர்ட்டன் சீமாட்டி 1898-இல் தொளதொளப்பான கால்சட்டையில் சர்ரே பகுதியின் ஆக்கம் என்ற ஊருக்குச் சைக்கிளில் போனபோது, அங்கிருந்த ஹாட்பாய் விடுதியில் காப்பி அறைக்குள் விட மறுத்தார்கள். சைக்கிள் பயணிகள் சங்கம் வழக்குப் போட்டது, 1899-இல் தோற்றது. உடை மாறாத சமுதாயம் உலோகத்தை வளைத்துக்கொண்டது. அன்று விழுந்த ‘பெண்களுக்கானது’ என்ற முத்திரை, பாவாடைகள் குட்டையாகி, கால்சட்டை எல்லாருக்கும் பொதுவான பிறகும் அழியவில்லை.

என் வாதத்துக்கு முதல் மறுப்பு பொறியியலாளரிடமிருந்து வரும். மேலே பார் இருந்தால் சட்டம் முக்கோணமாகிறது, முக்கோணம் வளையாது. பாரை இறக்கினால் சட்டம் முறுக்கிக்கொள்ளும், அதை ஈடுகட்ட இரும்பைக் கூட்ட வேண்டும், எடை ஏறும் என்பார். உண்மைதான், பந்தயத்துக்கோ மலையேற்றத்துக்கோ இந்த வண்டி உதவாது. ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்து, கடைக்கும் வேலைக்கும் மெதுவாகப் போகிறவர் அந்த முறுக்கத்தை உணர்வதே அரிது. ஒவ்வொரு சிக்னலிலும் இறங்கி ஏறுவதும், கேரியரில் மூட்டை இருக்கும்போது காலைப் பின்னால் வீசாமல் ஏறுவதும்தான் அவருடைய அன்றாடப் பிரச்சினை. அலெக்ஸ் மோல்ட்டன் 1962-இல் சிறு சக்கர வண்டி செய்தபோது, ஆண் பெண் இருவருக்கும் ஒரே தாழ்ந்த சட்டம் வைத்தார். ராலே நிறுவனத்தின் ‘ட்வென்டி’யும் அந்த வழியில் போனது. பாரிஸ் 2007-இலும் லண்டன் 2010-இலும் பொது வாடகைச் சைக்கிள் திட்டம் தொடங்கியபோது, யார் வந்தாலும் ஓட்டும்படி ஒரே வண்டி தேவைப்பட்டது. இரு நகரங்களும் தாழ்ந்த சட்டத்தையே தேர்ந்தன. பெயரை எடுத்துவிட்டுப் பயனை மட்டும் பார்த்தவர்கள் வந்து சேர்ந்த இடம் இது.

இரண்டாவது மறுப்பு நம் ஊரிலிருந்தே எழும், முதலாவதைவிடக் கனமானது. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பலர் பார் வைத்த வண்டியையே எடுத்தார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அப்படியானால் தாழ்ந்த சட்டம் தேவையே இல்லையா? இந்தச் சான்று என் வாதத்தை முறிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. இந்த வண்டி இவருக்குத்தான் என்ற பெயரைப் பெண்கள் ஒரு பக்கமிருந்து உடைத்தார்கள்; தேவைக்கேற்ற சட்டத்தை எடுத்துக்கொண்டார்கள். அதே உரிமையை ஆண்கள் மறுபக்கமிருந்து எடுத்துக்கொள்ளத்தான் தயங்குகிறார்கள். பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டுப் பழகிய பையன்களுக்கு, வீட்டிலேயே ஒரு தாழ்ந்த வண்டி நின்றாலும் அதைத் தொட மானம் இடம் தரவில்லை. அரசுப் பள்ளிகளில் கொடுக்கும் இலவசச் சைக்கிளும் மாணவனுக்கு ஒன்று, மாணவிக்கு ஒன்று என இரண்டு வகையாகவே வந்தது.

மலிவாகக் கிடைத்தால் போதுமா, பழுது பார்க்க உதிரிப்பாகம் வேண்டாமா? இந்த வண்டிகளின் பெரிய பலம் இங்குதான். இந்தியச் சைக்கிள் தொழில் பல பத்தாண்டுகளாக அரைத்த மாவையே அரைத்தது என்று பழிப்பவர்கள் உண்டு. பர்மிங்காமின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்தோடு முருகப்பா குழுமம் 1949-இல் தொடங்கிய அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. பெயர்களில் செய்ததும், மேற்கு வங்கத்தின் ஆசன்சோலில் சென்-ராலே செய்ததும் பழைய ஆங்கிலேய அச்சில் வார்த்தவையே. அந்த மாறாமைதான் இன்று கைகொடுக்கிறது. 28-க்கு 1½ டயர், ராடு பிரேக்கின் கட்டை, பெடலின் கிராங்க்கை அச்சோடு பூட்டும் காட்டர் பின் எல்லாம் இங்கே இன்னும் புதிதாகச் செய்யப்படுகின்றன. நாட்டிங்காமில் பிறந்த 28 அங்குல வண்டிக்கும் இந்த டயர் பொருந்தும். அடிக்கடி அளவை மாற்றிய நாகரிக வண்டிகள் உதிரிப்பாகம் இல்லாமல் மூலையில் நிற்க, புதுமை இல்லை என்று கேலிக்கு ஆளானவை ஓடுகின்றன.

தேர்ந்தெடுக்கும்போது பெயிண்ட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். ஹேண்டில்பாருக்குக் கீழே, சட்டத்தின் குழாய்கள் முன்கழுத்தில் சேரும் இடத்தின் அடிப்பக்கத்தை விரலால் தடவினால் போதும். அங்கே பெயிண்ட் சுருக்கம் விழுந்திருந்தால் வண்டி எங்கோ மோதியிருக்கிறது, விட்டுவிடலாம். முன்கழுத்தில் ஒரு நூலைக் கட்டிப் பின்சக்கர அச்சின் இரு பக்கமும் சுற்றிக் கொண்டுவந்து, சீட் குழாயிலிருந்து நூலின் தூரத்தை இருபுறமும் அளந்தால் சட்டத்தின் கோணல் தெரிந்துவிடும். மேலோட்டமான துரு பொருட்டல்ல; உள்ளே இறுகிப்போன சீட் கம்பிதான் தலைவலி. மூன்று கியர் உள்ள ஸ்டர்மி-ஆர்ச்சர் ஹப் இருந்தால், அதன் உடலில் ஆண்டும் மாதமும் பொறித்திருக்கும் வழக்கம் உண்டு. சக்கரம் பிற்பாடு மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால், அதை வண்டியின் பிறந்த தேதிக்கு ஒரு தடயமாக மட்டும் கொள்ள வேண்டும். ராலே வண்டியில் இன்னொரு எச்சரிக்கை: பெடல் அச்சைத் தாங்கும் கப்புகளின் மரை அங்குலத்துக்கு 26 சுற்று, மற்ற ஆங்கிலேய வண்டிகளில் 24. ஆகவே பழைய கப்பைத் தூக்கி எறிந்துவிட்டால் கடையில் கிடைப்பது ஏறாது.

புதுப்பிப்பதிலும் இதே நிதானம் வேண்டும். காட்டர் பின்னை எடுக்க, கிராங்க்குக்கு அடியில் கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, மரையில் நட்டைச் சற்றே விட்டு, ஒரே அடியாக அடிக்க வேண்டும்; தட்டித் தட்டிப் பார்த்தால் பின் வளையும், முட்டுக் கொடுக்காவிட்டால் அடி முழுதும் அச்சைத் தாங்கும் பால்ஸ் மேல் இறங்கும். அந்தக் கால்-அங்குல பால்ஸை, பக்கத்துக்குப் பதினொன்று, புதிதாகப் போட்டுக் கிரீஸ் வைப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். வண்டியின் ஓட்டமே மாறிவிடும். பெயிண்ட்டை முழுதும் சுரண்டிப் புதிதாக அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. தங்கக் கோடும், வலை கட்ட மட்கார்டு ஓரத்தில் துளைத்த சிறு துளைகளும் அந்த வண்டி யாருக்காகச் செய்யப்பட்டது என்பதற்கு எஞ்சிய சாட்சி. பாதுகாப்பில் மட்டும் பழமை பேசக் கூடாது. குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழை நீர் பட்டால் பிரேக் பிடிக்கத் தாமதமாகும்; புதுக் கட்டை போட்டு, ரிம்மின் கோட்டம் எடுத்து, மழையில் வேகத்தைக் குறைப்பது தவிர வேறு வழியில்லை.

இவ்வளவு பாடுபடுவதற்குப் புதிய வண்டியே வாங்கிவிடலாமே என்பது கடைசி மறுப்பு. எடை குறைவும் மழையில் நம்பிக்கையான பிரேக்கும் முதல் தேவை என்றால், அப்படியே செய்வதுதான் சரி. சமதரையில், அன்றாடம் சில கிலோமீட்டர் போகிறவருக்கு நிலைமை வேறு. அவருக்குத் தேவையான மூடிய செயின், நிமிர்ந்த இருக்கை, எளிதில் ஏறும் சட்டம் மூன்றும் பார் இல்லாத அந்தப் பழைய வண்டியில் ஏற்கெனவே உள்ளன. விலை மட்டும் நூறாண்டுக்கும் மேற்பட்ட ஒரு கூச்சத்தால் தாழ்ந்து கிடக்கிறது. வாங்குகிறவர் அந்தக் கூச்சத்தை விட்டுவிட்டால், மிச்சமாகும் பணத்தில் நல்ல டயரும் பிரேக் கட்டையும் வாங்கிக்கொள்ளலாம்.