கண்ணாடி மணியும் காடிழந்த மக்களும்

ஐரோப்பிய வணிகர்கள் ஒரு பிடி கண்ணாடி மணியைக் காட்டி அமெரிக்க ஆதிக்குடிகளின் செல்வத்தையெல்லாம் கவர்ந்து சென்றனர் என்ற கதையை நாம் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். வணிகனின் வஞ்சகத்தைக் கூறும் அளவில் அது உண்மைதான். ஆனால் மணியைப் பெற்றவர்கள் மினுமினுப்பைக் கண்டு மயங்கிய குழந்தைகள் என்றும் அக்கதை மறைவாகக் கூறுகின்றது. அப்பகுதி பொய். மணியை வாங்கிய கைகள் அதைக் கொண்டு என்ன செய்தன என்பதை அது சொல்வதேயில்லை.

வட அமெரிக்கப் பேரேரிகளைச் சூழ்ந்த காட்டு நிலம் ஒஜிப்வே மக்களின் தாயகம். அனிஷினாபே என்பது அவர்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்ட பெயர். கண்ணாடி வருவதற்கு முன்னரே அங்கு அலங்காரக் கலை முதிர்ந்திருந்தது. பெண்கள் முள்ளம்பன்றி முட்களை நனைத்துத் தட்டையாக்கிச் சாயமூட்டித் தோலிலும் பூர்ச்ச மரப்பட்டையிலும் தைத்தனர். சிப்பியாலும் எலும்பாலும் செம்பாலும் மணிகள் செய்தனர். அக்கலைக்குள்தான் வெனிசின் மணியும், பின்னர் பொஹீமியாவின் மணியும் நுழைந்தன. 1670இல் அமைக்கப்பட்ட ஹட்சன் குடாக் கம்பனி போன்ற வணிக நிறுவனங்களுக்கு வேண்டியிருந்தது நீர்நாயை ஒத்த பீவரின் தோல்; அதன் மயிரிலிருந்து ஐரோப்பியச் சீமான்களின் தொப்பிகள் உருவாயின. வெனிசிலே உலையருகில் வெந்த தொழிலாளியும் காட்டிலே தோலைப் பதப்படுத்திய பெண்ணும் ஒரே சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தனர், ஒருவரையொருவர் அறியார். எனினும் அப்பெண்ணின் மொழி அம்மணியை விலைப்பண்டமாகக் கருதவில்லை. மனிடோமினென்ஸ் என்று பெயரிட்டது. ஆவியின் சிறு கனி என்று அதனைப் பொருள்கொள்ளலாம்.

தையல் முறை எளிதுபோலத் தோன்றும். ஓர் ஊசியின் நூலில் மணிகள் கோக்கப்படும். இன்னோர் ஊசியின் நூல், இரண்டு மூன்று மணிகளுக்கு ஒருமுறை முதல் நூலைக் குறுக்காகக் கடந்து அதைத் துணியோடு இறுக்கும். இவ்வாறுதான் கொடி வளையும், இலை விரியும், மலர் நிறையும். நூல் சற்றுத் தளர்ந்தால் வரி கோணும். அளவுக்கு மிஞ்சி இறுகினால் துணி சுருங்கும்.

இக்கலையின் உச்சம் தோளிலே குறுக்காக அணியும் பெரும் பை. ஐரோப்பியப் படைவீரனின் தோட்டாப் பையிலிருந்து அதன் வடிவம் பிறந்தது என்பர். பெண்கள் தைத்தனர்; ஆண்கள் அணிந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சில பைகளில் பொருள் வைக்கும் வாய்கூட இல்லை. அது பையன்று, மார்பிலே தரித்த பிரகடனம். வடிவம் அந்நியனது, மணி அந்நியனது, வெல்வெட் துணி ஆலையிலிருந்து வந்தது. ஆயினும் அப்பையை ஒஜிப்வே அல்லாதது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? மரபு என்பது மாறாதிருப்பது என்று வாதிடுவோர் இதனைச் சற்று எண்ணிப்பார்த்தல் நன்று.

அப்பைகள் மலர்ந்த காலத்திலேயே நிலம் பறிபோயிற்று. 1837, 1842 ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் பெருங்காடுகளை அமெரிக்க அரசிடம் ஒப்படைத்தன. 1850இல் அதிகாரிகள், ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் கொடுக்கவேண்டிய பணத்தையும் பொருளையும் வழங்கும் இடத்தைத் தொலைவிலுள்ள சாண்டி ஏரிக்கு மாற்றினர். கடுங்குளிரில் அங்கு சிக்கும் மக்கள் மேற்கிலேயே தங்கிவிடுவர் என்பது கணக்கு. காத்திருந்தும், வெறுங்கையோடு திரும்பும் வழியிலும், பசியாலும் நோயாலும் ஏறக்குறைய 400 பேர் மாண்டனர். எஞ்சியோர் ஊர் திரும்பினர். 1854ஆம் ஆண்டு ஒப்பந்தம் அவர்களுக்குச் சில ஒதுக்கீட்டு நிலங்களை விட்டுவைத்தது.

அடுத்து வருவது ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் வெட்கத்தோடு வாசிக்கவேண்டிய அத்தியாயம். 1879இல் கார்லைலில் தொடங்கிய விடுதிப் பாடசாலை முறை நாடெங்கும் பரவிற்று. மிச்சிகனில் மவுண்ட் பிளசண்ட் பாடசாலை 1893 முதல் 1934 வரை இயங்கியது. பிள்ளைகளின் கூந்தலை வெட்டினார்கள். தாய்மொழி பேசியமைக்குத் தண்டித்தார்கள். சிறுமிகளுக்குச் சலவையும் தையலும் கற்பிக்கப்பட்டன. தையல் என்றால் வெள்ளையர் வீட்டுத் தையல். மணித்தையல் ஏட்டில் எழுதிக் கற்பதன்று. பாட்டியின் மடியருகே இருந்து கண்டு கற்பது. பிள்ளையை அம்மடியிலிருந்து அகற்றினால் போதும், கலையைத் தடைசெய்யச் சட்டமே வேண்டியதில்லை. இதற்கிடையில் 1890இல் மினசோட்டாவின் வைட் எர்த் ஒதுக்கீட்டு நிலத்தில் சிபில் காட்டர் என்ற மிஷனரிப் பெண்மணி ஒஜிப்வே பெண்களுக்கு ஐரோப்பிய ரேந்தை பின்னக் கற்பித்தார். அவருடைய நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் மயிரிழை போன்ற ஊசியில் மணி கோத்த விரல்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கவேண்டும் என்று எண்ணிய அக்காலத்தின் செருக்கை என்னென்பது!

காலம் திரும்பிய விதமும் விசித்திரமானது. விடுதிப் பாடசாலைகளை நடத்திய அதே இந்தியர் விவகார அலுவலகம் 1943இல் கேரி லைஃபோர்ட் எழுதிய ஒஜிப்வே கைவினை நூலை வெளியிட்டது.

இன்று ஒதுக்கீட்டு நிலங்களின் சமூக மண்டபங்களிலும் பழங்குடிக் கல்லூரிகளிலும், 1956ஆம் ஆண்டுக் குடிபெயர்ப்புச் சட்டத்தின்பின் பலர் சென்று குடியேறிய மினியாப்பொலிஸ் போன்ற நகரங்களிலும் மணித்தையல் வகுப்புகள் நடைபெறுகின்றன. இவற்றைப் பொழுதுபோக்கு வகுப்புகள் என எண்ணுவோர் உண்டு. பாட்டியிடம் பேத்தி இயல்பாகப் பெறவேண்டியதை மண்டபத்தில் மேசையிட்டு ஏன் கற்கவேண்டியிருக்கிறது என்று அவர்கள் கேட்பதில்லை. வகுப்பு என்ற ஏற்பாடே அறுந்த இடத்தைக் காட்டும் தழும்பு. அறுந்ததை முடிச்சிடும் முயற்சியும் அதுவே. அறுபது வயதுப் பெண்ணும் பதினாறு வயதுப் பையனும் அங்கே ஒரே வரிசைத் தொடக்க மாணவர். முதற்பாடம் நூலுக்கு மெழுகு பூசுதல். பெரும்பாலும் முதல் உருவம் ஒரு மலர் அல்லது இலை. சில ஆசிரியைகள் ஒரு மணியை மட்டும் வேறு நிறத்தில் வைக்கச் சொல்வர். குறையற்றவன் மனிதனல்லன் என்பது அதற்கு அவர்கள் கூறும் காரணம்.

போலிச் சரக்கின் தொல்லையும் உண்டு. ஆதிக்குடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பதை 1990ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது, சந்தை அடங்கிவிடவில்லை.

பழைய பைகள் பல இப்பொழுது பெருநகர நூதனசாலைகளில் இருக்கின்றன. சேகரித்த கனவானின் பெயர் சீட்டிலே இருக்கும். தைத்தவளின் பெயர் பெரும்பாலும் இராது. அவள் வழிவந்தோர் சிலர் அங்கே சென்று, கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று, கொடி எந்த மணியில் வளைகின்றது என்று எண்ணிக் கடதாசியில் வரைந்துகொண்டு வகுப்புக்குத் திரும்புகின்றனர்.