வாங்கின விலையா, இன்றைய விலையா?

ஊரில் பல வீட்டு பீரோவில் தாத்தா வாங்கின நிலத்தின் பத்திரம் இருக்கும். அதில் எழுதியிருக்கும் தொகை சில ஆயிரம்தான். இன்றைய விலை? நம் நாட்டுக் கம்பெனிகளும் பிற கம்பெனிகளில் வைத்திருந்த பங்குகளை வெகுகாலம் இந்தப் பத்திரம் மாதிரியே கணக்கில் எழுதி வந்தன.

1993-ல் வந்த ஏ.எஸ். 13 என்ற கணக்கு விதி இதை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. ஒரு வருடத்துக்குள் விற்கிற எண்ணத்தில் வாங்கின பங்கென்றால் வாங்கின விலை, இன்றைய விலை இரண்டில் எது குறைவோ அது. நீண்டகால முதலீடென்றால் வாங்கின விலைதான். மதிப்பு தற்காலிகமாக இல்லாமல் நிஜமாகவே இறங்கிவிட்டால் மட்டும் குறைக்க வேண்டும். தற்காலிகமா இல்லையா என்று முதலில் முடிவு செய்வது யார்? சாட்சாத் கம்பெனி நிர்வாகமேதான் :-)

பெரிய ஓட்டை துணை நிறுவனங்களில் இருந்தது. தாய்க் கம்பெனி தன் சரக்கைத் துணை நிறுவனத்துக்கு விற்று லாபம் காட்டும். சரக்கு அங்கே குடோனில் தூங்கும், நஷ்டம் அங்கே சேரும். தாயின் கணக்கிலோ துணை நிறுவனப் பங்கு வாங்கின விலையில் ஜம்மென்று நிற்கும். 1956-ம் வருட கம்பெனிச் சட்டத்தின் 212-ம் பிரிவு துணை நிறுவனத்தின் கணக்கைப் பின்னால் இணைக்கச் சொன்னதே தவிர, கூட்டிக் காட்டச் சொல்லவில்லை. ரிட்டயர்மென்ட் பணத்தைப் பங்கில் போட்டவர் அத்தனை பக்கங்களையும் புரட்டித் தானே கூட்டிக் கழிக்க வேண்டும். எத்தனை பேர் செய்திருப்பார்கள்?

2001-ல் ஏ.எஸ். 21 வந்தது. பங்குச்சந்தையில் இருக்கும் கம்பெனிகள் குடும்பம் முழுவதற்கும் ஒரே கணக்காகக் காட்ட வேண்டும் என்று செபியும் சொன்னது. குடோன் லாபம் அதில் அடிபட்டுப் போனது. அதே வருடம் வந்த ஏ.எஸ். 23-படி, பொதுவாக 20 சதவீதமோ அதற்கு மேலோ வைத்திருந்தால் அந்தக் கம்பெனியின் லாப நஷ்டத்திலும் நம் பங்கைச் சேர்க்க வேண்டும். என்னைக் கேட்டால், சிறு முதலீட்டாளருக்குக் கணக்கு விதிகள் செய்த பெரிய உபகாரம் இதுதான்.

பழைய முறை நஷ்டத்தை மட்டுமல்ல, சொத்தையும் மறைக்கும். ஹெச்.டி.எஃப்.சி. 1994-ல் வங்கியைத் தொடங்கியது. அதன் தனிக் கணக்கில் வங்கிப் பங்குகள் கடைசிவரை வாங்கின விலையில்தான். கணக்கில் வராத ஆதாயம் எவ்வளவு என்று ஆண்டறிக்கையில் தனியாகச் சொன்னார்கள். 2023 ஜூலை 1-ல் இரண்டும் இணைந்தபோது அந்தப் பங்குகளே ரத்தாகிவிட்டன!

2016 முதல் பெரிய கம்பெனிகளுக்கு வந்த புது விதிகளில் மற்ற பங்குகளெல்லாம் அன்றைய மதிப்புக்கு மாறின. எங்கள் வங்கிக்காரர்களுக்கு 2024 ஏப்ரல் 1-ல் ரிசர்வ் வங்கியின் புது விதி வந்தது. அதிலும் துணை நிறுவனப் பங்குகளுக்கு மட்டும் தனிக் கூடை. அந்தக் கூடைக்குள் தாத்தாவின் பத்திரக் கணக்குதான்.