மண்ணெண்ணெய் திமிங்கலத்தைக் காப்பாற்றவில்லை: ஒரு திருத்தம்



மூன்று மாதமாக மிச்சிகனில் மகள் வீட்டில் இருக்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் நான் உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

போன சனிக்கிழமை மாப்பிள்ளை தன் பழைய காரை ஷெட்டில் நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. ரிவர்ஸ் போட்டால் உடனே நகராமல், இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டு ஒரு குலுக்கலோடு கிளம்புகிறது. இங்கே மெக்கானிக்கிடம் விட்டால் கூலியே பெரும் தொகை. அதனால் முதலில் வீட்டிலேயே பார்த்துவிடலாம் என்றார்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினைச் சூடாக்கி, ஓடவிட்டபடியே கியர் பாக்ஸின் டிப்ஸ்டிக்கை உருவினார். "மாமா, இத மோந்து பாருங்க" என்றார். நல்ல ஆயில் மாதுளைச் சாறு போலச் சிவப்பாக இருக்குமாம். ஒழுகினால் இன்ஜின் ஆயிலா, கியர் ஆயிலா என்று பார்த்ததும் தெரியத்தான் இந்தச் சாயம். இதுவோ பழுப்பேறியிருந்தது, அளவும் குறைவு. ஆனால் கருகல் வாடை இல்லை. கருகல் வாடை அடித்தால் உள்ளே கிளட்ச் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று பொருள். ஸ்ட்ராபெரி பால் மாதிரி வெளுத்திருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே கலந்துவிட்டது என்று பொருள். இரண்டும் இல்லாதது நல்ல சகுனம்.

வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கினார். ஜாக்கியை மட்டும் நம்பாமல் இருபுறமும் இரும்பு ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கீழே நுழைந்தார். அடியில் இருந்த ஆயில் தட்டைச் சுற்றிலும் ஈரம். கேஸ்கெட் பழசாகிக் கசிந்திருக்கிறது. தட்டைக் கழற்றினோம். அதற்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்பு போலக் கொஞ்சம் இரும்புத் தூள். இது இயல்புதான். செதில் செதிலாக உலோகத் துண்டு கிடந்திருந்தால் பெட்டியையே பிரிக்க வேண்டியிருக்கும். புது ஃபில்டர், புது கேஸ்கெட் போட்டார். வடிந்த ஆயிலை அளந்து, அதே அளவு புது ஆயிலை ஊற்றினார். பிறகு இன்ஜினை ஓடவிட்டு, எல்லாக் கியரையும் ஒரு சுற்று போட்டு, டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்துக் குறைந்ததை நிரப்பினார். கூடினால் நுரைத்துவிடுமாம், அதுவும் கெடுதல். தட்டை இறக்கினால் மொத்த ஆயிலும் வருவதில்லை, கன்வெர்ட்டருக்குள் நிறையத் தங்கிவிடும். அதனால் சில நாள் ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்ற வேண்டும் என்றார்.

ரிவர்ஸ் இப்போது உடனே பிடிக்கிறது.

டப்பாவில் "டெக்ஸ்ரான்" என்று எழுதியிருந்தது. பெயர் வினோதமாக இருக்கிறதே என்று அன்று இரவு அதன் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

கிளட்ச் பெடல் இல்லாமல், எண்ணெய் வழியாகவே விசையைக் கடத்தலாம் என்று முதலில் செய்து காட்டியவர் ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர். 1905-ல் காப்புரிமை வாங்கினார். அது கப்பலுக்காகச் செய்தது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? அதே தத்துவம், காற்றுக்குப் பதில் எண்ணெய். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸில் ஏர்ல் தாம்சன் என்பவரின் குழு இதையும் பல்சக்கரங்களையும் சேர்த்து "ஹைட்ரா-மேட்டிக்" என்ற பெட்டியைச் செய்தது. 1939-ல் அறிமுகமாகி, 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்தது. கூடுதல் விலை 57 டாலர். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க டாங்குகளுக்குள்ளும் இதே பெட்டி போனது.

இந்தப் பெட்டியின் எண்ணெய்க்கு ஒரு வேலை அல்ல, பல வேலை. விசையைக் கடத்த வேண்டும், வால்வுகளை அழுத்தத்தால் இயக்க வேண்டும், சூட்டைத் தணிக்க வேண்டும், பல்சக்கரம் தேயாமல் காக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், எண்ணெயில் மூழ்கிக் கிடக்கும் கிளட்ச் தட்டுகள் வழுக்காமல் பிடிக்க வேண்டும், பிடிக்கும்போது உதறவும் கூடாது. வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். இந்த முரண்பாட்டைத் தீர்க்க எண்ணெயில் ஒரு சேர்மானம் தேவைப்பட்டது. கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் கெடாத அந்தச் சேர்மானம் எது தெரியுமா?

ஸ்பெர்ம் திமிங்கலத்தின் எண்ணெய்.

நம் தூத்துக்குடிப் பக்கம் அம்பர்கிரிஸ் கடத்தல் என்று அடிக்கடி பேப்பரில் வருகிறதே, அதைத் தரும் அதே திமிங்கலம்தான். அதன் தலைக்குள் இருக்கும் எண்ணெய், நம் சமையல் எண்ணெய் போன்ற கொழுப்பு அல்ல, திரவமாக இருக்கும் மெழுகு. ஜெனரல் மோட்டார்ஸ் 1949-ல் வகுத்த "டைப் ஏ" எண்ணெயிலும், 1967-ல் வந்த முதல் டெக்ஸ்ரானிலும் அது இருந்தது. மனிதன் நிலவுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்த ஆண்டில், கார் கியர் பாக்ஸுக்குள் திமிங்கல எண்ணெய் சுழன்றுகொண்டிருந்தது.

இப்போது மன்னிப்புக்கு வருகிறேன்.

என்னிடம் சமூக அறிவியல் படித்தவர்களுக்கு அந்தப் பாடம் நினைவிருக்கும். 1859-ல் பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டினார், மண்ணெண்ணெய் மலிந்தது, விளக்குக்காகத் திமிங்கலத்தைக் கொல்வது நின்றது, பெட்ரோலியம் திமிங்கலத்தைக் காப்பாற்றியது என்று கைகளை விரித்து, கதை போலச் சொல்வேன். நான் மட்டும் சொன்னதல்ல. 1861-லேயே ஒரு அமெரிக்கப் பத்திரிகை, எண்ணெய்க் கிணறு கிடைத்த மகிழ்ச்சியில் திமிங்கலங்கள் கோட்டு சூட்டு போட்டு விருந்து நடத்துவதாகக் கேலிச்சித்திரம் போட்டது.

கடலோர ஊரிலிருந்து வந்த ஒரு மாணவன் அப்போது எழுந்து கேட்டான்: "சார், அப்ப அதுக்கப்புறம் திமிங்கலத்தப் பிடிக்கவே இல்லையா?"

நான் யோசிக்கவே இல்லை. "விளக்குக்கு மண்ணெண்ணெய் வந்தப்புறம் எவன்டா கடலுக்குப் போய் உயிரை விடுவான்? உட்காரு" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

உண்மை என்ன? விளக்கெண்ணெய்க்கான வேட்டை குறைந்தது சரிதான். ஆனால் அதே பெட்ரோலியமும் எஃகும் நீராவியும் வேட்டைக்காரனுக்கும் கிடைத்தன. நார்வேயின் ஸ்வென்ட் ஃபொய்ன் வெடிகுண்டு ஈட்டியைக் கொண்டுவந்தார். நீராவிக் கப்பல் வந்தது, பிறகு கடலிலேயே அறுத்து உருக்கும் தொழிற்சாலைக் கப்பல் வந்தது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் பாய்மரக் கப்பல்காரர்கள் கொன்ற ஸ்பெர்ம் திமிங்கலங்கள் சுமார் 3 லட்சம் என்று கணக்கிடுகிறார்கள். 1900 முதல் 1962 வரை மீண்டும் ஒரு 3 லட்சம். அடுத்த பத்தே ஆண்டில், 1972-க்குள், இன்னும் ஒரு 3 லட்சம். அத்தனையும் காருக்காக என்று சொல்ல மாட்டேன். சோப்பு, மெழுகு, தோல் பதனிடல், இயந்திர எண்ணெய் என்று பல தேவைகள். ஆனால் கார் அதில் ஒரு பங்காளி. அதாவது, நான் வேட்டை ஓய்ந்தது என்று சொன்ன காலத்துக்குப் பிறகுதான் பெரிய வேட்டையே நடந்தது.

அதை நிறுத்தியதும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல, சட்டம். 1970-ல் அமெரிக்கா இந்தத் திமிங்கலத்தை அழியும் உயிர்களின் பட்டியலில் சேர்த்து, அதன் எண்ணெயை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. அதன் பிறகுதான் வேதியியலாளர்கள் மாற்றுத் தேடி ஓடினார்கள். ஆரம்பத்தில் சறுக்கல்தான். திமிங்கல எண்ணெய் இல்லாமல் வந்த முதல் டெக்ஸ்ரான்-2, ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலரின் பற்றவைப்பை அரித்தது. 1970-களின் நடுவில் அரிப்புத் தடுப்பான் சேர்த்துச் சரிசெய்தார்கள். அரிசோனா, மெக்சிகோ பாலைவனத்தில் வளரும் ஜோஜோபா என்ற செடியின் விதையிலும் அதே வகைத் திரவ மெழுகு இருப்பது தெரிந்து, அதன் பக்கமும் கவனம் திரும்பியது. இன்று மாப்பிள்ளை ஊற்றிய சிவப்பு ஆயிலில் திமிங்கலம் கிடையாது. காரும் ஓடுகிறது.

ஒரு பொருள் மலிந்தால் இன்னொன்று தானாகவே பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையை நான் முப்பது வருடம் வரலாறு என்ற பெயரில் விதைத்திருக்கிறேன். வேண்டாம் என்று மனிதர்கள் கூடி முடிவெடுத்தபோதுதான் உயிர் பிழைத்தது. இந்த வித்தியாசம் சின்னதல்ல. இன்று காடு, ஆறு, கடல் மணல் என்று எதைப் பேசினாலும் இது தேவைப்படும். உங்களில் பலர் இப்போது ஆசிரியர்கள். நான் சொன்னதை அப்படியே உங்கள் வகுப்பில் சொல்லியிருந்தால், தயவுசெய்து திருத்திவிடுங்கள்.

அந்த மாணவன் இந்தப் பதிவைப் பார்க்கிறானா, தெரியாது. பார்த்தால்: தம்பி, உன் கேள்வி சரி. பதில்தான் தப்பு. உட்காரச் சொன்னதும் தப்பு.

உங்களில் யாருக்காவது அவன் தொடர்பு இருந்தால் இதை அனுப்பி வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் சமூக அறிவியல் வாத்தியார்