பொட்டலத்தில் ஏறாத கூலி

சித்த மருத்துவ வரலாறு என்று நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் ஏடுகளின் வரலாறு. இடித்த கை, சலித்த கை, மடித்துக் கொடுத்த கை, இவற்றுக்கு என்ன கிடைத்தது என்ற கேள்வி அந்த எழுத்துக்குள் வருவதில்லை.

ராமநாதபுரம் கடலின் சங்கையே எடுத்துக்கொள்கிறேன். கடலுக்குள் கிடக்கும்போதே அதற்குச் சொந்தக்காரர் உண்டு. ஜமீன் பாத்தியதை, குத்தகை, குளியாளுக்கு எண்ணிக்கைக் கூலி என எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. மீன்வளத் துறை ஹார்னல் 1914இல் சங்கைப் பற்றித் தனி நூலே போட்டார். அதே சங்கு பற்பமாகும்போது கணக்குப் பிள்ளை காணாமல் போகிறார். உடைத்துச் சுத்தி செய்ய வேண்டும். சாறு விட்டுச் சாமக் கணக்கில் கல்வத்தில் அரைக்க வேண்டும். வில்லை தட்டிக் காயவைத்து, அகலில் மூடிச் சீலைமண் செய்து, வறட்டி அடுக்கிப் புடம் போட வேண்டும். சரியாக வேகவில்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து. அரைப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள், இல்லாவிட்டால் எடுபிடிப் பையன். கடைசியில் ஒரு சிட்டிகை. நெய்யிலா வெண்ணெயிலா என்று அனுபானம் சொல்லிவிட்டு, "ஒங்களால முடிஞ்சத வச்சிட்டுப் போங்க" என்பார் வைத்தியர்.

இதைப் பெருந்தன்மை என்று கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. மானியம் உள்ள வைத்தியருக்குத் தட்டில் விழுந்தது காணிக்கை. பிரசவம் பார்த்து, காயமும் இடித்துக் கொடுத்த நாவிதர் குடும்பத்து மருத்துவச்சிக்குக் களத்தில் அளந்த நெல்லுக்குப் பெயர் 'சுதந்திரம்'. (இந்தச் சொல் எங்கிருந்து எங்கே போயிருக்கிறது பாருங்கள்.) இரண்டிலும் வேலைக்கு விலை கிடையாது, ஆளுக்குத்தான் மதிப்பு. அதனால்தான் கருணானந்தர் சஞ்சீவி மருந்துகளுக்கு விலை குறித்து விற்ற தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் எனக்கு முக்கியமானவராகப் படுகிறார். காணிக்கைத் தட்டை அவர் தாண்டிவிட்டார்.

1921இல் சென்னை அரசாங்கம் அமைத்த உஸ்மான் குழு 1923இல் அறிக்கை தந்தது. நாட்டு வைத்தியம் விஞ்ஞானமா இல்லையா என்பதே பெரிய வாதமாயிற்று. பள்ளிக்கூடம் வந்தது, பதிவு வந்தது. மருத்துவச்சி வெளியே நின்றாள். 1940ஆம் ஆண்டு மருந்துச் சட்டத்துக்குள் 1964 திருத்தத்தில் சித்தமும் சேர்ந்தது. தயாரிப்பாளருக்கு உரிமம் வேண்டும். தன் நோயாளிக்குத் தானே செய்யும் வைத்தியருக்கு விலக்கு. விற்கிற கடைக்கு உரிமமே வேண்டாம். விலைக் கட்டுப்பாட்டு ஆணைகளிலும் (1995, 2013) சித்த மருந்து கிடையாது. ஆங்கில மருந்தில் கட்டுப்பாட்டுக்குட்பட்டதற்குச் சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் என்று ஒரு வரம்பாவது எழுதியிருக்கிறது. அதுவும் சரக்கின் மேல்தான், வேலையின் மேல் இல்லை.

தென்கொரியாவில் 1993இல் மூலிகை மருந்தைக் கலந்து கொடுக்கும் உரிமை யாருக்கு என்று மருந்தாளுநர்களும் பாரம்பரிய மருத்துவர்களும் மோதிக்கொண்டார்கள். மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். 1994இல் மூலிகை மருந்தாளுநர் என்ற தனித் தொழிலே சட்டத்தில் ஏறியது. இங்கே சித்த மருந்தாளுநருக்குப் பட்டயப் படிப்பு இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் நிற்க அது தேவையில்லை.

கூலியைத் தனியாக எழுதினால் ஏழை நோயாளி தலையில்தானே விடியும் என்று தோழர்கள் கேட்கிறார்கள். இப்போதும் அவன்தான் கொடுக்கிறான், சரக்கின் விலைக்குள் மறைத்து. 2020இல் கபசுரக் குடிநீரை அரசு இலவசமாக ஊற்றியபோது செலவை அரசு ஏற்றது. பதினைந்து சரக்கு வாங்க ஏற்ற அதே கை, இடித்துச் சலித்தவளின் நாள் கூலியையும் ஒரு வரியாக எழுதியிருக்கலாம்.