அறுமீனும் ஏழு பொட்டுகளும்

ஜேர்மனியின் ஹாலே நகர நூதனசாலையில் ஒரு வெண்கலத் தட்டு இருக்கிறது. 1999இல் நெப்ரா என்ற ஊருக்கு அருகே புதையல் தேடித் திரிந்தவர்கள் களவாகத் தோண்டி எடுத்து விற்றார்கள். 2002இல் சுவிஸின் பாசல் நகரில் பொலிசார் அதை மீட்டனர். வயது ஏறத்தாழ 3600 ஆண்டுகள். அதில் பொன்னாலான பிறைக்கும் முழுவட்டத்துக்கும் நடுவே ஏழு பொட்டுகள் நெருங்கி நிற்கின்றன. கார்த்திகை மீன்கள்தான் அவை என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

ஜேர்மனியர் அந்தக் கூட்டத்தை இன்றும் ஏழுமீன் என்ற பொருளில்தான் அழைக்கிறார்கள். நமக்கோ அது அறுமீன். ஒன்று எங்கே போயிற்று?

சந்திரன் இரவுக்கு ஒருத்தியாகத் தங்கிச் செல்லும் 27 பெண்களின் பழைய வரிசை அசுவினியில் அல்ல, கார்த்திகையில்தான் தொடங்கியது. தைத்திரீய சங்கிதையில் கார்த்திகைப் பெண்கள் எழுவர். மேகயந்தி, வர்ஷயந்தி என்று முகிலும் மழையும் அவர்கள் பெயர்களிலேயே உண்டு.

மகாபாரதத்துக்கு வரும்போது கணக்கு மாறுகிறது. ஏழு முனிவரின் மனைவியரில் அறுவரின் உருவத்தைச் சுவாகாதேவி எடுத்து அக்கினியைச் சேர்கிறாள். அருந்ததியின் உருவம் மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. பிள்ளை பிறந்ததும் ஊர்வாய் சும்மா இருக்குமா? செய்யாத குற்றத்துக்காக அறுவரையும் கணவர்மார் தள்ளிவைத்தார்கள். போக்கிடமின்றி முருகனிடம் வந்து கேட்டுத்தான் அவர்கள் வானில் இடம் பெற்றார்கள். முருகனை வளர்த்த தாய்மார் என்றே நான் படித்திருந்தேன். துரத்தப்பட்டவர்கள் என்பதை எந்தச் சமயபாடப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

சதபத பிராமணம் வேறொரு செய்தி தருகிறது. ஏழு முனிவருக்கு முன்னைய பெயர் கரடிகள். அவர்கள் வடக்கே, மனைவியர் கிழக்கே, ஆகவே கூடமுடியாது. ஜேர்மனியரும் அந்த வடதிசைக் கூட்டத்தைப் பெருங்கரடி என்கிறார்கள். கலியாணத்தில் நாம் அம்மி மிதித்துப் பார்க்கும் அருந்ததி மட்டும் இவர்களுக்குச் சின்னக் குதிரைக்காரன்!

விளக்கீட்டுக் காலத்தில் சமையலறையைக் கழுவிப் பூட்டிவிட்டு வெளியே வர நள்ளிரவாகும். அப்போது அறுமீன் உச்சிக்கு ஏறியிருக்கும். யாழ்ப்பாணத்தில் அதை வடக்கே நிமிர்ந்து பார்த்தோம். இங்கே தெற்கே திரும்ப வேண்டியிருக்கிறது. எண்ணினால் எனக்கு ஆறுதான் தெரிகிறது.