ஓரக் குறிப்பின் வரலாறு: உழைப்போர் உயர்கல்வியில் கற்பித்தல் முறை

பகலில் வேலை பார்ப்பவருக்குப் பட்டம் எட்டும் தூரத்துக்கு வந்தது 1858இல். அந்த ஆண்டின் புதிய சாசனப்படி லண்டன் பல்கலைக்கழகம், மருத்துவம் நீங்கலான பட்டத் தேர்வுகளை எந்தக் கல்லூரியிலும் படிக்காதவர்களும் எழுதலாம் என்று அனுமதித்தது. முந்தைய ஆண்டுதான் அதே பல்கலைக்கழகத்தை மாதிரியாகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியிருந்தது. தேர்வு வைப்பதும் பட்டம் தருவதுமே அன்று இரண்டுக்கும் வேலை. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பாடு. தொலைநிலைக் கல்வியின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கே தொடங்கி அஞ்சல், வானொலி, தொலைக்காட்சி, இணையம் என்று ஊடகங்களை அடுக்கிக்கொண்டே போவார்கள். அந்த வரிசையில் பிழையில்லை. ஆனால் கற்பித்தல் எப்போது தேறியது, எப்போது நலிந்தது என்பதற்கு அதில் விடை கிடைக்காது. மாணவர் எழுதியதை ஒருவர் பொறுமையாகப் படித்து, ஓரத்தில் குறிப்பெழுதித் திருப்பித் தந்தாரா என்று கேட்டால் கிடைக்கிறது. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

1858 கதவைத் திறந்துவிட்டதோடு சரி. உள்ளே வழிகாட்ட ஆள் வைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில் தனியார் பயிற்சிக்கூடங்கள் முளைத்தன. கேம்பிரிட்ஜில் வில்லியம் பிரிக்ஸ் 1887இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்லூரி அவற்றில் பெயர்பெற்றது, எச். ஜி. வெல்ஸ் நாவலாசிரியராகப் புகழ்பெறும் முன் பிரிக்ஸிடம் உயிரியல் ஆசிரியராக இருந்தார். அங்கும் தாள் திருத்தினார்கள், ஆனால் லண்டன் தேர்வில் தேறவைப்பதற்காகத் திருத்தினார்கள். இன்னொரு மரபு ஏறத்தாழத் தற்செயலாகவே பிறந்தது. 1867இல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் என்ற கேம்பிரிட்ஜ் ஆசிரியர் வடஇங்கிலாந்து நகரங்களில் பெண்களுக்கு வானியல் பற்றிச் சொற்பொழிவாற்றினார். ஆண் ஆசிரியர் இளம்பெண்களைச் சபையில் கேள்வி கேட்பது முறையல்ல என்று கருதிய காலம் அது. ஆகவே வினாக்களை அச்சிட்டுக் கொடுத்தார். விடைகள் அஞ்சலில் வந்தன, திருத்தங்களோடு திரும்பிப் போயின. (சமூகக் கூச்சம் கல்விக்கு நல்லது செய்த அபூர்வமான தருணங்களில் இது ஒன்று.) ராச்டேல் கூட்டுறவுத் தொழிலாளர்களிடம் பேசியபோது, வரைபடங்களை அடுத்த கூட்டம்வரை மண்டபத்திலேயே தொங்கவிட நேர்ந்தது. உறுப்பினர்கள் அவற்றைச் சுற்றி நின்று பேசினார்கள், கேள்விகளோடு காத்திருந்தார்கள். சொற்பொழிவோடு உரையாடல் வகுப்பும் சேர்ந்தது. 1873இல் கேம்பிரிட்ஜ் இதைத் தன் அதிகாரபூர்வ விரிவாக்கப் பணியாக ஏற்றுக்கொண்டது. ஆனால் செலவைக் கட்டணத்தாலேயே ஈடுகட்ட வேண்டியிருந்ததால், கூட்டம் பெரிதாகப் பெரிதாக எழுத்துப்பணி சுருங்கியது. பகலில் ஓய்வுள்ள நடுத்தர வகுப்பினரே அரங்கை நிரப்பினார்கள். நார்தம்பர்லாந்து சுரங்கத் தொழிலாளர்களின் வகுப்புகள் 1887 வேலைநிறுத்தத்தோடு நின்றன. கூலி இல்லாத வீட்டிலிருந்து கட்டணம் எங்கே வரும்?

இந்தத் தோல்விக்கு விடையாக வந்ததுதான் பயிற்சி வகுப்பு. கூட்டுறவு இயக்கத்தில் எழுத்தராக இருந்த ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் 1903இல் தொடங்கிய அமைப்பு, விரைவில் தொழிலாளர் கல்விச் சங்கம் என்று பெயர் பெற்றது. 1908 ஜனவரியில் அதன் முதல் வகுப்புகள் நடந்தன: வெள்ளிக்கிழமை மாலை மட்பாண்டத் தொழில் ஊரான லாங்டனில், மறுநாள் பஞ்சாலை ஊரான ராச்டேலில். ஆசிரியர் ஆர். எச். டானி கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் வந்துபோனார். ஒரு வகுப்பில் முப்பது பேருக்கு மேல் கூடாது. ஆண்டுக்கு 24 வாரம், மூன்றாண்டு தொடர்ந்து வருவதாக உறுதி தர வேண்டும். ஒரு மணி நேரம் விரிவுரை, ஒரு மணி நேரம் விவாதம். இரு வாரத்துக்கு ஒரு கட்டுரை. முடிவில் தேர்வும் இல்லை, பட்டமும் இல்லை. லண்டன் ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்பியது போலிருக்கிறது. கட்டுரைதான் இதில் மிகக் கடினமான நிபந்தனை. சூளையிலும் தறியிலும் நின்று களைத்தவர் இரவில் பேனா பிடிப்பது எளிதல்ல. கட்டுரை வரவில்லை என்பது ஆசிரியர்களின் ஓயாத புலம்பலாக இருந்தது. இருந்தும் அந்த நிபந்தனையைக் கைவிடவில்லை, ஏனென்றால் மாணவர் எங்கே தடுக்கி நிற்கிறார் என்பது அவர் எழுதும்போதுதான் தெரிகிறது. ஆசிரியரும் கற்றார். பதினாறாம் நூற்றாண்டு நிலப் பிரச்சினை பற்றி 1912இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில், நெசவாளர்களும் குயவர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் தன்னைத் திருத்தியதை டானி நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

பல்கலைக்கழகம் தொழிலாளிக்குப் பாடம் சொல்வது அவனை அடக்கிவைக்கவே என்ற மறுப்பு அப்போதே எழுந்தது. ஆக்ஸ்போர்டின் ரஸ்கின் கல்லூரி மாணவர்கள் 1909இல் வேலைநிறுத்தம் செய்து, பிரிந்துபோய் மத்தியத் தொழிலாளர் கல்லூரியை உருவாக்கினார்கள். பாடத்திட்டத்தை யார் வகுப்பது என்ற அவர்கள் கேள்வி நியாயமானது. அதை ஓரக் குறிப்பு தீர்த்துவைக்காது. ஆனால் ஆசிரியரோடு முரண்பட மாணவருக்கு இடமிருந்தது விவாத மணியிலும் கட்டுரையிலும்தான். தேர்வுத்தாளில் அந்த இடம் இல்லை.

முப்பது பேருக்குச் சரி, முப்பதாயிரம் பேருக்கு என்ன செய்வது? இதுவே வலுவான மறுப்பு. தொழிற்கட்சித் தலைவர் ஹெரால்ட் வில்சன் 1963இல் கிளாஸ்கோவில் வான்வழிப் பல்கலைக்கழகம் பற்றிப் பேசியபோது எல்லோர் கண்ணும் தொலைக்காட்சி மீதே இருந்தது. 1969இல் சாசனம் பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் ஏறத்தாழ 24,000 மாணவர்களோடு பாடம் தொடங்கியபோது, ஒளிபரப்பு சிறு பங்காகிவிட்டிருந்தது. அச்சுப்பாடமும், நாடு முழுவதும் அமர்த்தப்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள் திருத்திய ஒப்படைப்புகளுமே முதுகெலும்பு. கணினி திருத்தும் தாள்களும் தொடக்கத்திலேயே இருந்தன. அவற்றுக்காக ஆசிரியர் திருத்தத்தை விடவில்லை. இன்னொன்றும் செய்தார்கள்: ஆசிரியர் திருத்திய தாள்களில் சிலவற்றை எடுத்து, குறிப்புகள் பயன்படும்படி இருக்கின்றனவா என்று மேலாய்வு செய்தார்கள். தொலைநிலைக் கல்வி தொழிற்சாலை உற்பத்தி போன்றது, வேலைப்பிரிவினையால் இயங்குவது என்று ஜெர்மன் அறிஞர் ஓட்டோ பீட்டர்ஸ் 1960களில் வாதிட்டார். பாடம் தயாரிக்கும் பகுதிக்கு அது பொருந்துகிறது. திருத்தும் பகுதி மட்டும் கைத்தொழிலாகவே நின்றது. பேரளவிலும் அது சாத்தியம் என்பதற்கு இதுவே சான்று.

இந்தியா இதே காலத்தில் இந்தப் பாதைக்கு வந்தது. டி. எஸ். கோத்தாரி தலைமையிலான குழுவின் பரிந்துரைக்குப் பின் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிப் படிப்பைத் தொடங்கியது, மதுரை 1971இல். அதுவரை கல்லூரி வாசலை மிதிக்க வழியில்லாத எழுத்தர்களும் ஆசிரியர்களும் இல்லத்தரசிகளும் இதனால் பட்டதாரிகள் ஆனார்கள். பேச்சுவழக்கில் ‘கரஸ்’ என்று சுருங்கிய இந்த ஏற்பாட்டின் சாதனையைக் குறைத்துச் சொல்வது அநியாயம். ஆனால் கற்பித்தல் வகையில் அது ஸ்டூவர்ட், டானி வழியில் வந்ததல்ல; 1858இன் நேர்வாரிசு. பாடக்கட்டு அஞ்சலில் வந்தது, விடுமுறையில் சில நாள் தொடர்பு வகுப்பு நடந்தது, ஆண்டிறுதித் தேர்வு எல்லாவற்றையும் தீர்மானித்தது. வயது வந்தவர் தாமாகவே கற்பவர், இதற்கு மேல் எதற்கு என்று கேட்பவர்கள் அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸைத் துணைக்கு அழைப்பதுண்டு. அவர் 1970இல் வெளியிட்ட நூலில் குழந்தைக் கற்பித்தலுக்கு எதிராக முதியோர் கற்பித்தலை நிறுத்தினார். அந்நூலின் 1980 பதிப்பில் அந்த எதிர்நிலையைத் தாமே தளர்த்தினார். தவிர, தாமாகக் கற்பவருக்கும் தம் பிழை தமக்குத் தெரிவதில்லை. 1985இல் பிறந்த இந்திராகாந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல படிப்புகளில் ஒப்படைப்புக்கு 30 சதவீத மதிப்பெண் ஒதுக்கியது. அந்த அளவுக்கு ஸ்டூவர்ட், டானி மரபு இங்கும் நுழைந்திருக்கிறது. இனி ஒரு தொலைநிலை நிறுவனத்தை மதிப்பிடும் குழு காணொலிகளையும் செயலிகளையும் எண்ணும் முன், திரும்பிவந்த ஒப்படைப்புகளில் ஒரு கட்டை வாங்கிப் பார்க்கலாம்: எத்தனை நாளில் திரும்பின, மதிப்பெண்ணைத் தவிர வேறு என்ன எழுதியிருக்கிறது என்று.