நாற்பது வாட் பயனாளிகள்

வீடு எரிந்தால் 'மின்கசிவே காரணம்' என்று மறுநாள் செய்தி வருகிறது. ஆள் இறந்தால் 'மின்சாரம் தாக்கிப் பலி'. இலக்கணம் படித்தவனுக்கு இவ்விரண்டு வாக்கியங்களும் உறுத்தும். கசிதல் தன்வினை, கசியவிட்டவர் என்று ஒருவர் அதில் கிடையாது. தாக்குதலுக்கு எழுவாய் மின்சாரமேதான். கம்பியை இழுத்தவர், திட்டம் போட்டவர், சோதிக்க வேண்டியவர் எவருக்கும் இந்த வாக்கியங்களில் வேற்றுமை உருபாகக்கூட இடமில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைக் காலக் கணக்குகள்படி, மின்சாரம் தாக்கி இந்தியாவில் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள். எழுவாய் மறைக்கப்பட்ட சாவுகள் என்று இவற்றைச் சொல்லலாம்.

பழைய வயரிங் பற்றிய நம் பேச்செல்லாம் ஒருவகை வீட்டைத்தான் மனதில் வைத்திருக்கிறது: தேக்கு ரீப்பர் மேல் கிளிப் அடித்து ஓட்டிய வயர், பீங்கான் ப்யூஸ் கட்டை, உருண்டைச் சுவிட்சு உள்ள நகரத்து வீடு. அந்த வயர்களின் மேலுறை ரப்பர். சூட்டில் காய்ந்து இறுகும், வெடிக்கும், உதிரும். ப்யூஸ் அடிக்கடி போகிறதென்று வீட்டுக்காரர் தடித்த கம்பியைச் சுற்றிவிடுவார்; அன்றிலிருந்து ப்யூஸ் இருந்தும் இல்லாததுதான். அறுபதுகளில் செம்புத் தட்டுப்பாட்டால் அலுமினிய வயர் புகுந்தது. திருகாணிக்கு அடியில் அது நாளடைவில் நசுங்கித் தளர, இணைப்பில் சூடேறும். இதெல்லாம் உண்மை. ஆனால் இது சொத்துள்ளவர்களின் வயரிங் வரலாறு. பழசானால் மாற்றிக்கொள்ள அவர்களுக்குக் கை இருக்கிறது. போட்ட அன்றைக்கே பழசாக இருந்த வயரிங் ஒன்று உண்டு. அதன் வரலாறு எழுதப்படவில்லை.

அதைப் பேச ஜவ்வாது மலைக்குப் போக வேண்டும். தமிழகத்தின் பெரிய மின் உற்பத்தி மலையிலிருந்து இறங்கி வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1932இல் பைக்காரா, 1937இல் மேட்டூர். நீலகிரியின் தண்ணீர் சமவெளி ஆலைகளை ஓட்டியது. 1957இல் மின்வாரியம் அமைந்தபின் கிராமம் கிராமமாகக் கம்பி போனது. கரண்ட் மறுபடி மலையேறுவதற்குத்தான் நாளாயிற்று. ஜவ்வாது மலையில் முதலில் மதிப்புப் பெற்றது வெளிச்சமல்ல, இருட்டு. 1968இல் காவலூரில் வானாய்வகம் அமைந்தது, வானம் அங்கே இருண்டு தெளிந்திருந்ததால். 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்துவிட்டது. விண்மீன் பார்ப்பவர்களை நான் குறை சொல்லவில்லை. ஒரே இருட்டு ஒரு சாராருக்கு ஆய்வு வசதியாகவும் பக்கத்து ஊர் மலையாளிப் பழங்குடிகளுக்குப் பின்தங்கிய நிலைமையாகவும் பெயர் பெறுவதைக் கவனிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

வெளிச்சம் வந்தபோது அது ஒரே ஒரு பல்பாக வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தின் குடிசை விளக்குத் திட்டம்: குடிசைக்கு ஒரு 40 வாட் குண்டு பல்பு, இலவசம், மீட்டர் கிடையாது. 1988-89இல் மத்திய அரசும் 'குடிர் ஜோதி' என்று இதே போன்ற ஒன்றைத் தொடங்கியது. இதைக் கேலி செய்யும் இடதுசாரி நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மண்ணெண்ணெய்ப் புகையில் படித்தவர்களுக்கு அந்தப் பல்பு என்னவாக இருந்தது என்பதைப் படித்தவர்களைத்தான் கேட்க வேண்டும். ஆனால் திட்டம் ஒரு மனிதரையும் சேர்த்தே வரைந்துவிட்டது. பல்புக்கு மேல் எதுவும் தேவைப்படாதவர் அவர். மீட்டர் இல்லாததால் கணக்கில் நுகர்வோர் ஆகாதவர், வெறும் 'பயனாளி'. அவருக்காக இழுத்ததும் இரண்டே வயர். எர்த் எனப்படும் மூன்றாவது வயருக்குத் தேவை என்ன? பல்பு கூரையில் அல்லவா தொங்குகிறது!

பிறகு புல் கூரை போய்த் தொகுப்பு வீடு வந்தது. ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் அப்படியொரு வீட்டைப் பார்த்தேன். கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது. மழை ஒழுகும் அதே விரிசலை ஒட்டித்தான் வயரும் ஓடுகிறது. சுவரோரம் அரசு தந்த கிரைண்டர். மூன்று முள் பிளக்கை வெட்டிவிட்டு, இரண்டு வயரைத் தோல் சீவி இரண்டு ஓட்டையில் வைத்துத் தீக்குச்சி சொருகியிருந்தார்கள். மிஞ்சிய பச்சை வயரை மடித்து டேப் சுற்றியிருந்தது. அந்த வீட்டு ஆயா சொன்னது: "மழ வந்தா செவுரே ஷாக்கு அடிக்கும் தம்பி. பலக மேல நின்னுகினுதான் மாவாட்டுவேன். செருப்பு போட்டுப்பேன். பசங்கள கிட்ட சேக்க மாட்டேன்." அரசு தராத பாதுகாப்பு விதிகளை அவர் தானே இயற்றி, மீறாமல் நடந்து வருகிறார். படிக்காதவர்கள் கவனக்குறைவாக இருக்கிறார்கள் என்று விழிப்புணர்வு வாரம் நடத்துகிறவர்கள் இங்கே வந்து ஒரு மழைக்காலம் மாவாட்டிப் பார்க்கலாம்.

2006இல் அமைந்த தி.மு.க. அரசு கலர் டிவி கொடுத்தது. 2011இல் வந்த அ.தி.மு.க. அரசு மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தது. குடிசை இணைப்பின் விதியில் டிவிக்கு இடம் சேர்ந்தது. சுவரில் மூன்றாவது வயர் சேரவில்லை. தண்ணீரும் மாவும் புழங்குகிற இயந்திரத்தைக் கையில் கொடுத்த அரசு, அதை மாட்ட வேண்டிய இடம் தானே இழுத்த இரண்டு வயர்தான் என்பதை அறியாமலா இருந்தது? இலவசங்களைப் பழிக்கும் நடுத்தர வர்க்கக் குரலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. என் புகார், கொடுத்தது பாதி என்பதுதான்.

சட்டம் இந்தப் பாதியை நியாயப்படுத்தியே வந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் பின்னாளில் சேர்த்த 61அ, கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது. 5 கிலோவாட்டுக்குக் குறைந்த சிறு இணைப்புகளுக்கு விலக்கு. நாற்பது வாட் பல்புகள் 125 சேர்ந்தால்தான் 5 கிலோவாட். ஒரு மலையூர் மொத்தமும் ஒரே வீடாகிவிட்டால் சட்டத்தின் கண்ணில் படலாம். பின்னால் வந்த ஒழுங்குமுறைகளில் இந்த எல்லை 2 கிலோவாட்டாக இறங்கியது; ஐம்பது பல்பு.

ஆபத்தைப் பளுவால் அளப்பது இயற்பியல்படியே தவறு. 40 வாட் பல்பு எடுப்பது சுமார் 170 மில்லி ஆம்பியர். நெஞ்சு வழியாகப் பாய்ந்தால் 50 மில்லி ஆம்பியரே ஓர் ஆளைக் கொல்லப் போதும். அதாவது பல்பு தின்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 5 ஆம்பியர் ப்யூஸ் இதைப்போல் நூறு மடங்குக்கும் அசையாது. ப்யூஸ் காப்பது வயரைத்தான், ஆளை அல்ல. கசிவுக் கருவியோ 30 மில்லி ஆம்பியரிலேயே துண்டித்துவிடும். சிறிய இணைப்பு என்பதால் சாவும் சிறியதாகிவிடும் என்று யார் முடிவு செய்தார்கள்?

இன்னொரு விதியை இயக்க நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதே 1956 விதிகளில் 46ஆவது, நுகர்வோரின் மின்னமைப்பை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது ஆய்வாளரோ வழங்குபவரோ சோதிக்க வேண்டும் என்றது. இங்கே வாட் கணக்கு இல்லை. நான் கேட்ட வீடுகளில் "லைன்மேன் வருவாரு, கம்பத்தோட போயிடுவாரு" என்பதே பதில். கம்பம்வரை வாரியம், சுவருக்குள் வீட்டுக்காரர் என்று எல்லை பிரிக்கிறார்கள். தொகுப்பு வீட்டில் சுவரையும் அதற்குள் வயரையும் போட்டது அரசுதானே? பின்னாளைய ஒழுங்குமுறைகள், குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்குள் உள்ள உரிமையாளர் தானே சோதித்துத் தனக்கே சான்றளித்துக்கொள்ள வழி செய்தன. தமிழ்நாட்டு ஒழுங்குமுறை ஆணையமும் சில ஆண்டுகளுக்கு முன் வீடுகளுக்கு அந்த 30 மில்லி ஆம்பியர் கருவியைக் கட்டாயமாக்கியது. பொருத்த வேண்டியவர் நுகர்வோர். இத்தனை நாள் பயனாளியாக இருந்தவர், செலவும் பொறுப்பும் வரும்போது மட்டும் நுகர்வோராகிவிடுகிறார்.

2024 பிப்ரவரி வரவுசெலவு அறிக்கையில், 2030க்குள் குடிசைகளுக்குப் பதிலாக 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்று 'கலைஞரின் கனவு இல்லம்' அறிவிக்கப்பட்டது. வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். மலையூர்களிலும் இவ்வீடுகள் எழும்பும், எழும்பட்டும். ஒவ்வொரு ஊரிலும் பூச்சுவேலை தொடங்குமுன் மதிப்பீட்டுத் தாளை வாங்கிப் பார்க்க வேண்டும்: எர்த் குழி இருக்கிறதா, மூன்றாவது வயர் இருக்கிறதா, கசிவுக் கருவிக்கு எந்தத் தலைப்பில் பணம். பூசியபிறகு கேட்டால் சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.